இடது முள்ளுக்கு நூறு பொன்

ஆயிரங்கவை நாட்டில் நேரான பாதை என்று ஒன்றுகூடக் கிடையாது. நூறடி நடந்தால் பாதை இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டும் இன்னொரு நூறடியில் மறுபடி பிரியும். பாதை பிரியும் இடத்தை அந்நாட்டார் கவை என்பார்கள். ஆயிரம் என்பது ஒரு மதிப்புக்குச் சொன்னது. சரியாக எண்ணி வருகிறேன் என்று கிளம்பிய அதிகாரிகள் இருவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

இப்படியொரு நாட்டில் வழி கேட்காமல் யாரும் வாழ முடியாது. கேட்டால் வழி மட்டும் வராது. மாட்டுக்கு என்ன வைத்தியம், மாப்பிள்ளைக்கு எங்கே பெண், மிளகாய் என்ன விலை என்பதெல்லாம் சேர்ந்து வரும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மக்களுக்கு மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லித்தான், திசையாளும் பெருமான் என்ற பட்டப்பெயர் கொண்ட மன்னர் ஒவ்வொரு கவையிலும் ஒரு பலகை நட்டார். கிணறு, சந்தை, கோயில், வைத்தியர் வீடு என எல்லாவற்றுக்கும் அதில் ஓர் அம்புக்குறி இருந்தது. கட்டணம் எதுவும் இல்லை. இலவசம் என்றதும் மக்கள் உருகிப்போனார்கள். பத்தே ஆண்டுகளில், சொந்த மாமன் வீட்டுக்குப் போகக்கூடப் பலகையைப் பார்க்க வேண்டிய நிலைக்கு முன்னேறினார்கள்.

அந்தப் பலகைகளை எழுதுவதற்கு அரண்மனையில் ஒரு திசைக்கூடம் இருந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்தவள்தான் மருதாயி. ஊசிமேடு என்ற ஊர்க்காரி. அதுவரை மாட்டுக் கொம்புகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவள். மாடு தலையை ஆட்டும்போதே பிசிறில்லாமல் கோடு இழுக்கிற கை அவளுடையது.

திசைக்கூடத்தின் தேர்வு ஐந்து நாள் நடந்தது. தூரிகையைத் தொடச் சொல்லவே இல்லை. கடைசி நாள் மூன்று அறிஞர்கள் எதிரே உட்கார்ந்து, "தலைநகரத்துப் பனைமரங்களில் இக்கணம் எத்தனை காக்கைகள் அமர்ந்துள்ளன?" என்று கேட்டார்கள்.

"கல்ல எறிஞ்சிட்டுச் சொல்லவா, எறியாமச் சொல்லவா?" என்றாள் மருதாயி.

அறிஞர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டு, இப்படியொரு கூர்மதியைத் தாங்கள் கண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மாதம் நூறு பொன் சம்பளம்.

அவளுக்குத் தரப்பட்ட வேலை, அம்புக்குறியின் தலையில் இரண்டு பக்கமும் சாய்கிற கோடுகளில் இடது பக்கத்துக் கோட்டை எழுதுவது. அதற்கு இடது முள் என்று பெயர். தண்டு எழுத வேறு ஆட்கள், வலது முள்ளுக்கு வேறு ஆட்கள். ஒரு நாளுக்கு ஒரு முள் எழுதினால் சுறுசுறுப்பு என்று பாராட்டுவார்கள். மற்ற நேரமெல்லாம் கலந்தாய்வு. முள் எவ்வளவு சாயலாம் என்பதைப் பற்றி மட்டும் ஒருமுறை மூன்று மாதம் பேசி, முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவுசெய்து, அந்த வெற்றிக்காக எல்லோருக்கும் விருந்து வைத்தார்கள்.

சாப்பாடு மூன்று வேளை, பலகாரம் ஆறு வேளை. உறங்க ஊஞ்சல். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட ஆள், துணி வெளுக்க ஆள், கால் பிடித்துவிட ஆள். வீட்டுக்குப் போவதற்கென்று ஒரு காரணத்தையும் அரண்மனை மிச்சம் வைக்கவில்லை. இது போதாதென்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பொற்குடம் இருந்தது. மாதாமாதம் அதில் பொன் விழும் ஓசையை அவரவர் காதால் கேட்கலாம். ஏழு ஆண்டு முடியும் முன் வேலையை விட்டால் குடம் அரண்மனைக்கே சொந்தம்.

முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போன மருதாயி, அக்கா சீனியம்மாவின் மடியில் நூறு பொன்னையும் கொட்டினாள். சீனியம்மா மருத்துவச்சி. சுற்றுவட்டாரத்துப் பதினெட்டுப் பட்டிக்கும் பிரசவம் பார்ப்பவள். ஒரு பிள்ளைக்கு ஒரு மரக்கால் அரிசி, இரட்டை என்றால் கூட இரண்டு தேங்காய்.

"ஏன்டி, எதுக்குடி இம்புட்டுக் குடுக்குறாங்க? ஏதும் ஏடாகூடமான வேலையா?"

"ஒரு கோடு போடுறேன்க்கா. சாய்வா."

"நேரா போட்டா இன்னும் கூடக் குடுப்பாகளோ?"

தலைநகரம் திரும்பியதும் மருதாயி, ஏன் இவ்வளவு சம்பளம் என்று தன் கூடத்தின் தலைவரிடமே கேட்டாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். "மருதாயி, உன் தூரிகை ஒரு மயிரிழை அசைந்தால் இந்நாட்டில் எட்டு லட்சம் கால்கள் திரும்புகின்றன. எட்டு லட்சம் கால்களைத் திருப்பும் கைக்கு நூறு பொன் என்பது உண்மையில் சிக்கனம்."

அடுத்த விடுமுறையில் இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னாள். சீனியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நான் கைய அசைச்சா ஒரு உசுரு திரும்புது. எனக்கு ஒரு மரக்கா அரிசி. சரி, உனக்கு வாய்ச்சிருக்கு, அனுபவி" என்றாள். அவள் சொன்னதில் பொறாமை துளியும் இல்லை. அதனாலேயே அது மருதாயியின் மனத்தில் தைத்துக்கொண்டது.

இந்த நிலையில்தான் முதல் ஆணை வந்தது. பொறுப்பு, திசையமைச்சர் உலகளந்தார். அவர் அரசவையில் எழுந்து, "பலகை இலவசம், என்றென்றும் இலவசம். ஆனால் பலகை காட்டும் பாதை எந்தத் தெரு வழியாகச் செல்ல வேண்டும் என்று வணிகர்கள் அன்போடு விரும்பினால், அந்த அன்பை மறுக்க அரசுக்கு மனம் இல்லை" என்றார். அன்புக்கு ஒரு கட்டணப் பட்டியலும் வெளியானது. மறுமாதம் முதல், கிணற்றுக்குப் போகும் வழி ஜவுளிக் கடைத்தெரு வழியாகப் போனது. சுடுகாட்டுக்குப் போகும் வழி பாத்திரக்கடை வழியாகப் போனது. பிணம் தூக்கிப் போனவர்கள் திரும்பும்போது ஆளுக்கொரு பித்தளைக் குத்துப்போணியோடு வந்தார்கள்.

சுற்றுகிறதே என்று சிலர் பலகையை நம்பாமல் பழையபடி வாயால் வழி கேட்க ஆரம்பித்தார்கள். உடனே இரண்டாவது ஆணை வந்தது. "வாயால் சொல்லப்படும் வழிகள் தரமற்றவை. சொல்பவருக்குத் திசைஞானச் சான்றிதழ் இல்லை. குடிமக்களின் பாதுகாப்பைக் கருதி, இனி வழி கேட்பதும் சொல்வதும் தடை." மக்களுக்கு இதிலும் வருத்தமில்லை. நம் பாதுகாப்பைப் பற்றி யோசிக்க ஓர் ஆள் இருக்கிறாரே என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அடி விழுந்தது சீனியம்மாவுக்குத்தான். ஊசிமேட்டுக் கவையிலிருந்து அவள் வீடு வலது பக்கம் கூப்பிடு தூரம். ஆனால் பலகை இடது பக்கம் காட்டியது. பட்டுத் தெரு, வளையல் தெரு, அல்வாக் கடை எல்லாம் சுற்றித்தான் அவள் வீட்டுக்கு வர வேண்டும். அரைநாள் பயணம். வலியெடுத்த பெண்கள் அரைநாள் பொறுப்பார்களா? கடை வாசல்களில் பிள்ளைகள் பிறந்தன. பிறந்த இடத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்தால் ஒரு சேலை இலவசம் என்று வணிகர்கள் அறிவித்தார்கள். அந்த ஆண்டு மட்டும் ஊசிமேட்டுப் பக்கம் நான்கு அல்வாராசன்களும் இரண்டு வளையல்மணிகளும் பிறந்தார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒரு தாய் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குச் சரியாகும்.

அந்தச் செய்தியைச் சீனியம்மாவே சொல்லியனுப்பியிருந்தாள். அந்தப் பலகையின் இடது முள் தான் எழுதியது என்பது மருதாயிக்கு நன்றாக நினைவிருந்தது.

அமைச்சரிடம் நேரே போனாள். "ஐயா, எங்கக்கா வீட்டு அம்பை மட்டும் நேரா திருப்பிடுங்க."

"திருப்பலாமே. அன்புக் கட்டணம் மாதம் முந்நூறு பொன்" என்றார் உலகளந்தார்.

"அப்ப நான் வேலைய விட்டுர்றேன்."

அமைச்சரின் முகம் அதுவரை இல்லாத கனிவோடு மலர்ந்தது. "இருநூறு பொன்."

"சம்பளத்துக்குச் சொல்லல ஐயா. ஊருக்குப் போறேன்."

"முந்நூறு. வேலையே செய்ய வேண்டாம்."

அமைச்சர் அவளை அழைத்துக்கொண்டுபோய், அவள் இதுவரை பார்த்திராத ஒரு மண்டபத்தின் கதவைத் திறந்தார். உள்ளே நாற்பது பேர். சிலர் பல்லாங்குழி ஆடினார்கள், சிலர் குறட்டை விட்டார்கள். ஒருவர் கையிலும் தூரிகை இல்லை.

"நாட்டின் மிகச் சிறந்த ஓவியர்கள்" என்று பெருமையோடு அறிமுகப்படுத்திவிட்டு, அமைச்சர் வெற்றிலை போடப் போனார்.

கதவோரம் படுத்திருந்த பெரிய மீசைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். அவர் பெயர் கொம்பையா. "எந்த ஊரும்மா?"

"ஊசிமேடு. நீங்க இங்க என்ன வேலை பாக்குறீக?"

"ஒண்ணும் இல்ல. எங்கூர்ல நானே ஒரு பலகை எழுதி நட்டேன். குறுக்கு வழி காட்டுற பலகை. காலையில நட்டேன், சாயங்காலம் பல்லக்கு வந்துருச்சு. ஐந்நூறு பொன். இங்க இருக்கறவன் அத்தன பேரும் அப்படி ஏதாவது ஒண்ணு செஞ்சவன்தான்."

"ஒண்ணும் செய்யாததுக்கா ஐந்நூறு?"

"இங்க செய்யாததுக்கு இல்லம்மா. அங்க செய்யாததுக்கு" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

அமைச்சர் திரும்பி வந்தபோது மருதாயி நேராகவே கேட்டாள். "எங்கள மாதிரி ஆளுகளப் புடிச்சு ஜெயில்ல போட்டா செலவு மிச்சமாச்சே ஐயா?"

உலகளந்தார் காதைப் பொத்திக்கொண்டார். "சிவசிவா! நாம் என்ன கொடுங்கோலர்களா? சிறையில் போட்டால் ஊர் நம்மைத் திட்டும். சம்பளம் போட்டால் ஊர் நம்மை வாழ்த்தும். உன் தெருவில் எத்தனை பிள்ளைகள் சாய்கோடு பழகுகிறார்கள் என்று போய்ப் பார்."

மருதாயி போய்த்தான் பார்த்தாள், திரும்பி வராமல். குடத்தில் நான்கு ஆண்டுப் பொன் நிரம்பியிருந்தது. அதை விட்டுவிட்டு வருவது சுலபமாக இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். தலைநகர எல்லை தாண்டும் வரை அழுதுகொண்டேதான் நடந்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் ஒரு பலகையைச் செதுக்கி, கவையில் நட்டு, மேலே 'மருத்துவச்சி வீடு' என்று எழுதினாள். பிறகு அம்புக்குறி. தூரிகையைத் தோய்த்து ஒரே வீச்சு. அழகான இடது முள் விழுந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. தண்டு எங்கே தொடங்கும், வலது முள் எங்கே சேரும் என்று மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டாக ஒரே கோட்டைப் போட்ட கை அது. திரும்பத் திரும்ப முயன்றாள். இடது முள்ளுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று இடது முட்கள் சேர்ந்தன. மழையில் சாய்ந்த சோளப்பயிர் மாதிரி இருந்தது பலகை. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். அரண்மனைப் பலகையைப் பார்த்தால் நிற்க வேண்டியதே இல்லை, கால் தானாகத் திரும்பிவிடும். இந்தக் கோடுகள் என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் செக்கு ஓட்டிக்கொண்டிருந்த வன்னியப்பனிடம், "அண்ணே, இது என்ன கோடு?" என்று கேட்டார்கள். வன்னியப்பன் சட்டத்துக்குப் பயந்தவர். வழி கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் கோடு என்னவென்று சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே! "மருத்துவச்சி வீட்டுக்கு இப்படிப் போகணும்னு அந்தப் புள்ள எழுதப் பாத்துச்சு. வரல" என்று கையை நீட்டிச் சொன்னார். அப்படியே, வீட்டில் யாருக்குப் பிரசவம், எந்த ஊர், அந்த ஊரில் எள் என்ன விலை என்று பேச்சு வளர்ந்தது.

மூன்று மாதத்தில் ஊரே கோட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சீனியம்மா வீட்டிலேயே பிறந்தார்கள். அல்வாக் கடைக்காரர் அன்புக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு அரண்மனைக்கு ஓலை அனுப்பினார்.

உலகளந்தார் நேரில் புறப்பட்டார். தம் பலகைகளை நம்பி வந்ததால் ஊசிமேட்டை அடைய அவருக்கு ஆறு நாள் ஆனது. வந்து இறங்கியபோது பல்லக்கில் பதினொரு பட்டுச்சேலைகளும் ஓர் அண்டாவும் இருந்தன. மருதாயியின் பலகையைப் பிடுங்கலாம் என்றால், நட்ட பலகையைப் பிடுங்குவது ராஜதுரோகம் என்று அவரே ஒரு சட்டம் எழுதியிருந்தார். யார் நட்ட பலகை என்று எழுத மறந்திருந்தார்.

ஆகவே ஊரைக் கூட்டி அறிவித்தார். "ஊசிமேட்டுப் பெருமக்களே! உங்கள் திறமையை அரசு கண்டுகொண்டது. உங்கள் மூவாயிரம் பேரையும் இன்று முதல் மௌன அலுவலர்களாக நியமிக்கிறோம். மாதம் நாற்பது பொன். பணி, யாருக்கும் எந்த வழியும், எந்தக் கோட்டுக்கு எந்த விளக்கமும் சொல்லாதிருத்தல்."

ஊர் வாயடைத்துப் போனது. பணியை அந்தக் கணமே தொடங்கிவிட்டார்கள் என்று அமைச்சர் எடுத்துக்கொண்டார்.

நியமன ஓலை கிடைக்காத ஒரே ஆள் சீனியம்மா. "அந்த அம்மா பிள்ளைப்பேறு பார்ப்பவர்தானே? அவரால் அரண்மனைக்கு என்ன ஆபத்து? ஆபத்து இல்லாதவருக்கு எதற்குச் சம்பளம்?" என்றார் அமைச்சர்.

மருதாயியிடம் மட்டும் தனியாகப் பேசினார். ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்தால் அவளுடைய பழைய குடம் முழுதும் அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கும். மருதாயி இரண்டு நாள் யோசித்தாள். அந்தப் பொன் இருந்தால் கவையிலேயே அக்காவுக்கு ஒரு பிரசவ வீடு கட்டிவிடலாம். அப்புறம் பலகை எதற்கு, வழி எதற்கு? ஒரே மாதம்தானே. ஓலையில் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதம் ஊசிமேட்டில் மாட்டுக் கொம்புகளுக்கெல்லாம் வெள்ளிப் பூண் ஏறியது. கவையில் குடை நட்டு, ஓலைச்சுவடியோடு ஓர் அரண்மனைக் கணக்கர் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கும் ஆளின் பெயரை எழுதுவது அவர் வேலை. எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சீனியம்மா வாசலைப் பார்த்தபடி வெந்நீர்ப் பானையைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இருபத்தொன்பதாம் நாள், நண்பகல் வெயிலில், ஒரு மாட்டுவண்டி கவைக்கு வந்தது. ஓட்டியவன் சன்னாசி, எட்டுக் கல் தொலைவில் உள்ள பட்டிக்காரன். உள்ளே அவன் மனைவி காத்தாயி வண்டிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தாள். தலைப்பிரசவம்.

"அண்ணே, மருத்துவச்சி வீடு எங்கண்ணே?"

வன்னியப்பன் வானத்தைப் பார்த்தார்.

"ஆத்தா, நீங்களாவது சொல்லுங்க!"

கூடை வைத்திருந்த கிழவி கூடைக்குள் எதையோ தேடினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊரே நின்றது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. கணக்கர் எழுத்தாணியை எடுத்துத் துடைத்தார். சன்னாசி வேறு வழியில்லாமல் அரண்மனைப் பலகையைப் பார்த்து வண்டியை இடது பக்கம் திருப்பினான். வண்டிக்குள்ளிருந்து, "என்னால முடியாதுங்க" என்று ஒரு குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

நாளை மறுநாள் குடம் வர வேண்டும். குடம் வந்தால் வீடு. வீடு வந்தால் இனி வரும் எல்லாப் பெண்களும் பிழைப்பார்கள். இதையெல்லாம் மருதாயி மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வண்டிச் சக்கரம் முழுச்சுற்று ஒன்று சுற்றியது.

"ஏய், நிறுத்துய்யா! வலது பக்கம் திருப்பு! வேப்பமரம் தாண்டி மூணாவது வீடு!"

கணக்கர் எழுதினார். "மருதாயி. குடம் ரத்து."

"மூணாவதா?" என்று வன்னியப்பன் பாய்ந்தார். அவரால் தாங்க முடியவில்லை. "நாலாவதுல்ல! தப்பு வழி சொல்றியே தாயி!"

"நடுவுல இருக்கறது மாட்டுக்கொட்டகைப்பா, அத வீட்டுக் கணக்குல சேக்காத!" என்றாள் கிழவி.

"வேப்பமரத்து வழி வண்டி போகாது, பள்ளம். ஓடைப் பக்கமாப் போகச் சொல்லு!"

"நான் முன்னால ஓடுறேன், என் பின்னாலயே வா!"

நூறு பேர், முந்நூறு பேர், கடைசியில் ஊரே கத்தியது. சிலர் வண்டிக்கு முன்னால் ஓடினார்கள், சிலர் மாட்டைப் பிடித்து இழுத்தார்கள், எட்டுப் பேர் பள்ளத்தில் சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். கணக்கர் பெயர்களை எழுதி எழுதி ஓலை தீர்ந்து, கடைசிக் கீற்றில் 'அனைவரும்' என்று எழுதிக் கட்டிவிட்டார். மூவாயிரம் பேரும் ஒரே நாழிகையில் வேலை இழந்தார்கள். சீனியம்மாவின் வெந்நீர்ப் பானை அடுப்பில் ஏறியது. பொழுது சாய்வதற்குள் காத்தாயி ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். தாயும் சேயும் நலம். பிள்ளைக்கு எந்தக் கடையின் பெயரும் வைக்கவில்லை.

செய்தி அரண்மனைக்குப் போனது. திசையாளும் பெருமான் அன்று உணவருந்தவில்லை. "மாதம் நாற்பது பொன்னை விட்டுவிட்டு ஓர் ஊரே எதற்காக வழி சொல்லும்?" என்று கேட்டார். விடை காண நாட்டின் பன்னிரண்டு பேரறிஞர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. விடையைக் கண்டுபிடிப்பவர் அதை வெளியே சொல்லிவிடாதிருக்க, உடனே அவர் சம்பளத்தை ஐந்து மடங்காக்க வேண்டும் என்பது குழுவின் விதி.

அந்தக் குழுவைப் பற்றிக் கொம்பையா, உப்பு வண்டிக்காரர் மூலம் மருதாயிக்குச் சொல்லியனுப்பினார். அறிக்கை எதுவும் இதுவரை வரவில்லையாம். பதினொரு பேருக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டதாம். பழைய சம்பளத்திலேயே ஒருவர் மட்டும் மிச்சம் இருக்கிறாராம். அவர் மன்னரின் மைத்துனர்.